சரிந்த மண்ணும் சரித்த கையும்

தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் கட்டுரைகளில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு. 'இயற்கையின் சீற்றம்' என்பதே அத்தொடர். ஆறு கரை கடந்தால் இயற்கை சீறிற்று என்பர். மலை சரிந்தால் இயற்கை சீறிற்று என்பர். சேறு வந்து வீட்டை மூடினாலும் இயற்கையே சீறிற்று என்பர். நாளேடுகளும் அதனையே தலைப்பாக்குகின்றன. ஆசிரியரும் அதனைச் சொல்நயம் எனப் பாராட்டி மதிப்பெண் வழங்குகின்றனர். நயமான தொடர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நயமான தொடர்கள் எல்லாம் உண்மையான தொடர்கள் ஆகிவிடமாட்டா.

வினையைச் சொன்னவுடன் அதனைச் செய்தவர் யார் எனக் கேட்பது தமிழிலக்கணத்தின் முதற்பாடம். 'மண் சரிந்தது' என்றால் அது தன்வினை. 'மண்ணைச் சரித்தனர்' என்றால் அது பிறவினை. சரிந்தது, சரித்தது என்னும் இரண்டிற்கும் இடையே வேறுபடுவது ஒரே ஒரு மெய்யெழுத்து. அழிந்தது, அழித்தது, கரைந்தது, கரைத்தது, தூர்ந்தது, தூர்த்தது ஆகிய அனைத்தும் அவ்வாறே. மெல்லினத்தை எழுதினால் யாரும் குற்றவாளி இல்லை. அங்கே வல்லினத்தை எழுதிப் பார்த்தால் உடனே ஒருவன் வந்து நின்று விடை சொல்ல வேண்டியவன் ஆகிறான். 'இயற்கையின் சீற்றம்' என்னும் தொடரின் உண்மையான பயன் இதுதான்: வல்லினம் வரவேண்டிய இடத்தில் மெல்லினத்தை வைத்து, செய்தவனை வாக்கியத்திலிருந்து வெளியேற்றிவிடுகிறது.

கேமரன் மலைச் சேற்றைப் பற்றி எழுதப்படும் வாக்கியங்களில் பெரும்பாலானவை இப்பிழையைச் செய்கின்றன. அதனைத் திருத்தும் கடமை, மொழியைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் மற்றவரைவிட மிகுதியாக உண்டு.

சமநிலம் என்னும் ஊர்

பகாங் மாநிலத்தின் மேற்கு விளிம்பில், தித்திவங்சா மலைத்தொடரின் மீது, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது தானா ராத்தா. மலாய் மொழியில் அப்பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். சரிவும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் மலையில் சற்றே மட்டமாக இருந்த ஓரிடத்தைக் கண்டவர்கள் வியப்போடு இட்ட பெயர்போலும் அது. சமநிலம் அங்கே அரிது என்பதற்கு அப்பெயரே சான்று.

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதிக்கு வந்து சென்றார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையும் அக்காலத்திலேயே அமைந்தது. காட்டைத் திருத்தியதிலும் சரிவுகளில் தேயிலையை நட்டதிலும் கொழுந்து பறித்துக் கூடை சுமந்ததிலும் தமிழ்த் தொழிலாளரின் கைகளே மிகுந்திருந்தன. அதனால்தான் இம்மலை தமிழர்க்கு வெறும் சுற்றுலா இடமன்று. அவர்தம் முன்னோர் கால் பதித்த மண் அது.

அம்மண் எத்தகையது? கருங்கல் மலை, வெப்பத்திலும் ஈரத்திலும் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்து மக்கி, களியும் மணலும் கலந்த தளர்ந்த மண்ணாகப் பல மீட்டர் ஆழத்திற்கு மாறியிருக்கிறது. மேலே காடு நிற்கும்வரை அது மலை. காடு போனால் குவித்துவைத்த மணல்மேடு. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் இது. ஏப்ரல், மே திங்களில் ஒருமுறையும், அக்டோபர், நவம்பர் திங்களில் மறுமுறையும் மழை உச்சத்தை எட்டும். இவ்வளவு மழையையும் அம்மலை காலங்காலமாகத் தாங்கி வந்தது. எதனால் தாங்கிற்று? மழைத்துளி முதலில் இலையில் விழுந்தது. இலையிலிருந்து சருகில் விழுந்தது. சருகிலிருந்து வேர்வழியே மண்ணுள் இறங்கிற்று. மண்ணை நேரே அடிக்கும் வாய்ப்பு மழைக்குக் கிட்டவில்லை.

தேயிலையும் காட்டை அழித்துத்தான் வந்தது. அதனை மறைப்பதில் பொருளில்லை. ஆயினும் முதிர்ந்த தேயிலைச் செடிகள் ஒன்றோடொன்று நெருங்கித் தோளுரசி நிற்கும்போது மண்ணை ஓரளவு மூடுகின்றன. பல பத்தாண்டுகள் அதே இடத்தில் வேரூன்றி நிற்கின்றன. ஆண்டில் பலமுறை உழப்படும் காய்கறிப் பாத்தியின் நிலை வேறு. ஒரு விளைச்சல் முடிந்து மறு விளைச்சல் தொடங்கும் இடைவெளியில் மண் ஆடையின்றிக் கிடக்கிறது. நெகிழிக் கூரையிட்ட பாத்தியிலோ, கூரைமேல் விழும் மழை முழுவதும் ஓரத்தில் திரண்டு, ஒரே ஓட்டமாய்ச் சரிவில் பாய்கிறது. இவற்றிற்கும் மேலாக, மலையை வெட்டிச் சமநிலமாக்கும் மண்வாரி இயந்திரம் ஒரு கிழமையில் செய்யும் வேலையை மண்வெட்டி ஓராண்டிலும் செய்ததில்லை. வெட்டிய மண் எங்கே போகிறது? சரிவின் ஓரத்தில் தள்ளப்படுகிறது. அடுத்த மழை அதனை ஆற்றில் சேர்க்கிறது.

எண்பது ஆண்டுக் கணக்கு

பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் பக்கத்தில் பிறந்து, தானா ராத்தாவைக் கடந்து, ராபின்சன் அருவியாய் விழுந்து, ஹாபு வழியே ரிங்லெட்டை அடைகிறது. அங்கே 1963-இல் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. மலையின் மறுபுறத்துத் தெலோம் ஆற்று நீரும் சுரங்கவழியே பெர்த்தாமுக்குத் திருப்பப்பட்டது. இரண்டும் சேர்ந்து நிறையும் ரிங்லெட் ஏரியின் நீர், மற்றொரு சுரங்கவழியே மலையைத் துளைத்துப் பேராக் பக்கம் இறங்கி, ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. மேல்நாட்டுப் பொறியியல் கண்ட திறமையான திட்டம் அது.

அணையைத் திட்டமிட்டோர் மண் வரும் என்பதை அறியாதவர்கள் அல்லர். எந்த ஆறும் சிறிது மண்ணைச் சுமந்தே வரும். ஏரியின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 63 இலட்சம் கன மீட்டர். அதில் ஏறத்தாழ 16 இலட்சம் கன மீட்டரை வண்டலுக்கென்றே ஒதுக்கிவைத்தனர். அவ்விடம் நிரம்ப 80 ஆண்டுகள் ஆகும் எனக் கணக்கிட்டனர். அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கன மீட்டர் மண் வரும் என்பது அவர்தம் மதிப்பீடு. அன்றைய காட்டையும் அன்றைய தேயிலையையும் அன்றைய மழையையும் கண்டு போட்ட கணக்கு அது.

கணக்கு பொய்த்தது. 80 ஆண்டுகளுக்கென ஒதுக்கிய இடம் 40 ஆண்டுகளுக்குள்ளேயே நிரம்பிற்று. நிரம்பியபின் மண் நீருக்குரிய இடத்தைப் பற்றத் தொடங்கியது. ஏரியின் தலைப்பில், ஹாபு அருகே, வண்டல் திட்டாக எழுந்தது. நீர்ப்பரப்பாய் இருந்த இடத்தில் மேடு தோன்றிப் புல் முளைத்தது. தூர் வாரும் இயந்திரங்கள் இரவும் பகலும் உழைத்தும், வாரியதை வைக்க இடம் தேடுவதே தனிப் பெரும் தொல்லையாயிற்று. மேலே மலையை வெட்டுவோர் வெட்டிக்கொண்டேயிருக்க, கீழே ஏரியை வாருவோர் வாரிக்கொண்டேயிருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைக்கும் வேலையன்றி வேறென்ன?

மண் நிறைந்த ஏரியில் மழைநீர் தங்க இடமில்லை. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், பெருமழையால் நீர்மட்டம் உயர, அணையின் கதவுகள் திறக்கப்பட்டன. அணையைக் காக்க அது தேவைப்பட்டது எனப் பின்னர் விளக்கம் தரப்பட்டது. கீழே, ஆற்றோரத்தில், பெர்த்தாம் வேலி மக்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். நீராக வராமல் சேறாக வந்தது வெள்ளம். உயிர்கள் மாண்டன. வீடுகள் சிதைந்தன. ஊர்திகள் விளையாட்டுப் பொருள்களைப்போல் புரட்டப்பட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் வேலிப் பகுதியில் மீண்டும் மண் சரிந்தது. மீண்டும் உயிர்கள் பலியாயின. அப்போதுதான் உரிமமின்றித் திருத்தப்பட்ட நிலங்களின்மீது பெரிய அளவில் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அம்மழை நாள்களைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் 'ஏரி தூர்ந்தது' என்றே இருக்கும். இலக்கணம் அறிந்தவர் அதனை 'ஏரியைத் தூர்த்தனர்' எனத் திருத்த வேண்டும்.

பொழுதின்மேல் பழி

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. அவர்தம் வாதத்தை ஒதுக்காமல் எடுத்து ஆராய்வதே முறை. 'மலை இதற்கு முன்பும் சரிந்ததுண்டு. 1961 மே திங்களில் ரிங்லெட்டில் நேர்ந்த சரிவில் 16 பேர் மாண்டனர். அன்றைக்கு இத்தனை காய்கறித் தோட்டம் ஏது? மேலும், உலகமே சூடேறி வருகிறது. மழை முன்போல் பெய்வதில்லை. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. வடதுருவத்தில் தீவுகளே கரைகின்றன. கேமரன் மலை மட்டும் எம்மாத்திரம்?' என்பது அவர்தம் கேள்வி.

உலகம் சூடேறுவது உண்மை. வடதுருவத்தில் தீவுகள் கரைவதும் உண்மை. அங்கே என்ன நிகழ்கிறது என்பதை நன்கு அறிந்துகொண்டால், அந்தச் சான்று எந்தப் பக்கம் பேசுகிறது என்பது விளங்கிவிடும்.

சைபீரியாவின் வடக்கே லாப்தேவ் கடலும் கிழக்குச் சைபீரியக் கடலும் பரந்து கிடக்கின்றன. பரப்பில் பெரியவை, ஆழத்தில் சிறியவை. பெரும்பகுதியின் ஆழம் 50 மீட்டருக்கும் குறைவே. அக்கடல்களின் கரைகளிலும் தீவுகள் சிலவற்றிலும் காணப்படுவது பாறையன்று, உறைமண். பனியூழியில் குளிரில் உறைந்த வண்டலும், அதனூடே கனத்த ஆப்புகளாய் இறங்கிய பனிக்கட்டியும் சேர்ந்ததே அந்நிலம். சில இடங்களில் மண்ணைவிடப் பனிக்கட்டியே மிகுதி. அங்கே மண்ணைப் பிணைத்து நிறுத்தும் வேர் பனிக்கட்டிதான். அது உருகினால் தீவு சேறாகிக் கடலில் கலக்கும்.

அவ்வாறு கலந்த தீவுகள் உண்டு. லாப்தேவ் கடலில் 19-ஆம் நூற்றாண்டில் கடலோடிகள் அளந்து படத்தில் வரைந்த வசிலியெவ்ஸ்கி தீவு 1930-களில் மறைந்துபோயிற்று. பல கிலோமீட்டர் நீளமிருந்த செம்யோனவ்ஸ்கி தீவு 1950-களில் மறைந்தது. இன்று அவ்விடத்தில் கடலடி மேடு மட்டுமே உள்ளது. தீக்சி துறைமுகத்திற்கு அருகிலுள்ள முவோஸ்தாக் தீவு 1951 தொடங்கி அறுபது ஆண்டுகளில் தன் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தது. ஓரிடத்தில் அரிக்கப்பட்ட மண் மற்றோரிடத்தில் படிகிறது. 2013-இல் அதே கடலில், நீருக்கு மேல் சிறிதே தலைகாட்டிய மணல்திட்டு ஒன்று கண்டறியப்பட்டு, அதற்கு யாயா எனப் பெயரும் இடப்பட்டது. கடல் ஒரு கையால் அழித்து மறு கையால் எழுதிக்கொண்டிருக்கிறது.

முற்காலத்தில் மறைந்த தீவுகளின் அழிவு முழுவதையும் இன்றைய வெப்பத்தின்மேல் சுமத்துதல் ஆகாது. பனிமண் தீவை அலை அரிப்பது பழைய கதையே. ஆனால் அந்தப் பழைய கதையின் வேகம் இன்று மாறிவிட்டது. 1979-க்குப் பின் வடதுருவப் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. கடலை மூடியிருந்த பனிக்கட்டி முன்னதாகவே விலகுகிறது, காலந்தாழ்ந்தே திரும்புகிறது. மூடியில்லாத கடலில் காற்று நெடுந்தொலைவு ஓடி அலையைப் பெருக்குகிறது. அலை கரையை அடிக்கும் நாள்கள் மிகுகின்றன. நீரின் வெப்பமும் கூடியிருப்பதால் கரையின் அடியில் பனிக்கட்டி விரைந்து உருகுகிறது. மேற்கரை தொங்கி, முறிந்து, விழுகிறது. விழுந்த மண் ஆழமற்ற கடலைக் கலக்கி, ஒளி புகாமல் செய்கிறது. பல்லாயிரம் ஆண்டு உறைந்து கிடந்த கரிமப்பொருளும் வெளிப்பட்டு மக்கி, வெப்பத்தை மேலும் வளர்க்கும் வளியாக வானில் சேர்கிறது.

ஆக, அங்கேயும் வினை தன்வினையாக நிற்கவில்லை. கரையைக் கரைத்த அலையை வளர்த்தது வெப்பம். வெப்பத்தை வளர்த்தது நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்த மாந்தர் கை. கை தொலைவில் இருக்கிறது; பல நாடுகளில் பரந்து கிடக்கிறது; ஆகையால் கண்ணுக்குப் புலப்படவில்லை. புலப்படாததால் இல்லையென்று ஆகிவிடாது. வடதுருவத்தைச் சான்றுக்கு அழைப்போர், 'இயற்கையே செய்தது' என்பதற்கு அழைக்கின்றனர். அச்சான்றோ 'மாந்தரே செய்தனர்' என்று சொல்லிவிட்டுப் போகிறது.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். கருப்பொருளும் உரிப்பொருளும் அவ்விரண்டையும் சார்ந்தே நிற்கின்றன. குறிஞ்சியின் புள்ளும் மரமும் தொழிலும் வாழ்வும் மலைநிலத்தாலும் அதற்குரிய பொழுதாலும் அமைந்தவை. இவ்வகுப்பைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர், அதனைக் கண்முன் நிகழும் அழிவுக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. பொருத்திப் பார்த்தால் உண்மை தெளிவாகும்.

லாப்தேவ் கடலில் மாந்தர் மாற்றியது பொழுதை. அங்கே எவரும் மண்வாரி கொண்டுபோய்த் தீவை வெட்டவில்லை. குளிரின் காலம் சுருங்கியது. அதனால் நிலம் கரைந்தது.

மன்னார் வளைகுடாவில் மாந்தர் மாற்றியது நிலத்தை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றுக்கு அரணாய் நின்றது பவளப்பாறை. அப்பாறையைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் தோண்டி எடுத்தனர். அலையின் வேகத்தை ஒடித்த அரண் போனபின் அலை நேரே தீவின்மேல் மோதிற்று. பூவரசன்பட்டித் தீவும் விலாங்குச்சல்லித் தீவும் நீரில் மூழ்கின. வான் தீவு தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. 2001-இல் பவளம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உயர்ந்த பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2005 அளவில் தோண்டல் நின்றது. பின்னர் வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. கடல்மட்டம் உயர்வதையே முழுக் காரணமாகச் சொல்லித் தப்ப அங்கே இடமில்லை. அரணை உடைத்தது யார் கை என்பது ஊரறிந்த செய்தி.

கேமரன் மலையில் இரண்டுமே மாறியுள்ளன. வெப்பம் கூடிய வானம் மிகுந்த ஈரத்தைச் சுமக்கும். ஆகையால் கனமழை மேலும் கனக்கும் என்பது அறிவியல் சொல்லும் செய்தி. அது பொழுதின் மாற்றம். காடும் செடியும் நீங்கிச் சரிவு வெறுமையானது நிலத்தின் மாற்றம். பழி முழுவதையும் பொழுதின்மேல் போடுவோர் நிலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஏன்? பொழுதை மாற்றியவர் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றனர்; அவருக்கு அழைப்பாணை அனுப்ப இயலாது. நிலத்தை மாற்றியவருக்கோ பெயர் உண்டு, முகவரி உண்டு, சில வேளை கையொப்பமிட்ட உரிமமும் உண்டு.

மழை கடுமையாகப் போகிறது என்பதை அறிந்தவன் கூரையைப் பிரிப்பானா? மழை முன்போல் இல்லை என்பது மலையை வெட்டியவர்க்கு விடுதலை தரும் சான்று அன்று. அவர்தம் குற்றத்தைப் பெருக்கும் சான்று. 1961-இன் சரிவும் அதனையே சொல்கிறது. காடு மிகுந்திருந்த நாளிலேயே இம்மலை மழைக்கு அஞ்சத்தக்கதாய் இருந்தது எனின், காட்டை நீக்குமுன் எத்துணை அஞ்சியிருக்க வேண்டும்! மேலும், சரிவு என்பது என்றோ ஒரு நாள் நிகழ்வது. ஏரியை நிரப்பிய மண்ணோ ஒரு நாளில் வந்ததன்று. ஒவ்வொரு மழையிலும், எந்த நாளேட்டிலும் செய்தியாகாமல், செந்நிறமாய் ஓடிவந்தது. நாள்தோறும் ஐம்பது ஆண்டுகள் சீறிக்கொண்டேயிருக்கும் சீற்றம் எவ்வுலகில் உண்டு?

பெருமையும் பொறுப்பும்

மலேசியத் தமிழர் மேடைதோறும் கேட்டுப் பழகிய மற்றொரு தொடர், 'காடழித்து நாடாக்கினோம்' என்பது. அது உழைப்பாளியின் உரிமைக்குரல். கடனட்டையாய் ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டம், 'இந்நாட்டின் சாலையும் தோட்டமும் எங்கள் வியர்வை' என்று நிமிர்ந்து சொன்ன குரல். அதனைக் குறைகூறுதல் அறமன்று. ஆயினும் அத்தொடரின் முதற்சொல்லைப் பெருமையாகக் கற்பிக்கும் காலம் முடிந்துவிட்டது. காட்டை அழிக்கும் முடிவு தொழிலாளி எடுத்ததன்று. நிலத்தின் வரைபடமும் அவன் கையில் இருந்ததில்லை. அவன் பெருமை அழித்ததில் இல்லை. சரிவில் செடியை நட்டு, நட்டதைத் தலைமுறையாய்ப் பேணியதில் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே நிரை பிடித்து நடுவதும், மழைநீர் ஓடக் கான் வெட்டுவதும், கானில் தேங்கிய மண்ணை அள்ளி மீண்டும் செடியடியில் இடுவதும், மண்ணைப் பொன்னாய் மதித்தவர் செயல்கள். விழா மலர்களில் இடம்பெற வேண்டியவை அவை.

பழியைக் கூலித் தொழிலாளிமேல் தள்ளுவதும் எளிதாகிவிட்டது. அன்று தமிழன் இருந்த இடத்தில் இன்று வங்காளதேசத்தவனும் நேப்பாளத்தவனும் மியன்மார்க்காரனும் நிற்கின்றனர். மண்வெட்டி அவர்கள் கையில் இருப்பதால் மண்ணைச் சரித்தவர் அவர்களே எனச் சொல்வோர், தம் பாட்டனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். சரித்த கை கூலிக்காரன் கை அன்று. உரிமமின்றி வெட்டச் சொன்னவன் கை அது. வெட்டுவதைக் கண்டும் காணாதிருந்தவன் கை அது.

சிறு விவசாயியின் நிலையும் எண்ணத்தக்கது. நெடுங்காலம் மலைக் காய்கறி நிலங்கள் பல, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின்கீழ் இருந்தன. அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் எவன் கற்சுவர் எழுப்புவான்? எவன் நீரோட்டக் கரையில் மரம் நடுவான்? இவ்வாண்டு எவ்வளவு எடுக்கலாம் என்பதே அவன் கணக்காகும். மண்ணைக் காக்காதவன் என அவனை ஏசுமுன், மண்ணைக் காப்பதால் அவனுக்குப் பயன் உண்டாகும்படி சட்டம் இருந்ததா என்று கேட்க வேண்டும்.

இழப்பு யாருக்கு என்பதும் சொல்லப்பட வேண்டும். விளைச்சல் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. சேறு ஆற்றோரக் குடியிருப்புக்குப் போகிறது. தெளிந்த ஆற்றில் மீன்பிடித்து, அதே நீரை அருந்தி வாழ்ந்த செமாய்ப் பழங்குடியினர் கலங்கல் நீரைப் பெறுகின்றனர். அணைக்குக் கீழே பெர்த்தாமில் இறங்கும் சேறு தெலோமில் கலந்து, ஜெலாய் வழியே பகாங் ஆற்றை அடைந்து, தென்சீனக் கடலை நோக்கிச் செல்கிறது. சுரங்கத்தில் புகுந்த நுண்மண் பேராக் பக்கம் இறங்கி மலாக்கா நீரிணையின் திசையில் ஓடுகிறது. ஒரு மலையின் மண் இரு கடல்களுக்குப் பங்கிடப்படுகிறது. அம்மண்ணின் மேல் பிறந்த பிள்ளைக்கு எஞ்சுவது எது?

வகுப்பறையில் தொடங்குவது

'காய்கறி வேண்டாமா? பிழைப்பு வேண்டாமா?' என்பது இறுதியாக எழும் வினா. இரண்டும் வேண்டும். செங்குத்தான சரிவை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பயிரிடலாம். படிநிலம் அமைத்துச் சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டலாம். விளைச்சலுக்கும் விளைச்சலுக்கும் இடையே மண்ணை மூடாக்கால் மூடலாம். நீரோட்டத்தின் இரு கரையிலும் காட்டை விட்டுவைக்கலாம். கூரைநீரைக் குளத்தில் தேக்கி, மண்ணைப் படியவிட்டு, தெளிந்த நீரை ஆற்றில் விடலாம். இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. செலவாகும் என்பதே தடை. ஆனால் செலவு இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. தூர் வாரும் செலவாக, மின்னிழப்பாக, இடிந்த வீடாக, ஈமச் சடங்காக அது வேறொருவன் கணக்கில் எழுதப்படுகிறது.

ஆசிரியரும் மாணவரும் அணையைத் தூர் வார இயலாது. நிலச் சட்டம் இயற்ற இயலாது. ஆனால் அவர்கள் கையில் உள்ளது சிறிய கருவியன்று. கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மாணவர், மழை பெய்த நாளில் பாதுகாப்பான இடத்திலிருந்து பெற்ற ஆற்றுநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி மேசைமேல் வைக்கட்டும். மறுநாள் அடியில் படிந்த மண்ணை அளக்கட்டும். மழையில்லா நாளிலும் அளக்கட்டும். காடு சூழ்ந்த ஓடையின் நீரையும், வெட்டிய சரிவின் கீழுள்ள ஓடையின் நீரையும் அருகருகே வைத்து ஒப்பிடட்டும். அதன்பின் கட்டுரை எழுதட்டும். குவளையைக் கண்ட மாணவன் எழுதும் கட்டுரையில் 'இயற்கையின் சீற்றம்' என்னும் தொடர் எளிதில் நுழையாது.

தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கும் ஒரு வேலை உண்டு. சந்திப் பிழைக்குச் சிவப்பு மை கோடிடுகிறது. ஒருமை பன்மை மயக்கத்திற்கும் கோடிடுகிறது. செய்தவனை மறைக்கும் வாக்கியத்திற்கும் அந்தக் கோடு விழட்டும். 'மலை சரிந்தது' என்று எழுதியவனிடம், 'சரித்தவர் யார்?' என ஓரத்தில் எழுதிக் கேட்கட்டும். 'தீவு கரைந்தது' என்றவனிடம், 'கரைத்தது எது? அதனை வளர்த்தது யார்?' என்று கேட்கட்டும். சில வேளை விடை உண்மையாகவே மழை என வரும்; அலை என வரும். அப்போது தன்வினையே நிற்கட்டும். ஆராய்ந்தபின் எழுதிய தன்வினை குற்றமன்று. ஆராயாமல் எழுதியதே குற்றம்.

மலைமேல் மண் மீண்டும் உண்டாக நூற்றாண்டுகள் வேண்டும். அது ஏரிக்குள் போக ஓர் இரவு போதும். அவ்விரவில் கதவு தட்டப்படாமல் உறங்கிய மக்களுக்கு இறந்தபின் இரங்கற்பா எழுதத் தமிழில் சொற்கள் நிறைய உண்டு. உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்காகக் கேள்வி கேட்கவும் தமிழில் எழுத்து உண்டு. அதற்கு ஒரு வல்லினம் போதும்.